வெளியிடு

முதலில் மஞ்சூர் பிரவுசிங் சென்டர்.
மணிக்கு இருபது ரூபாய்.
'ழ' எந்த விசையில் என்று
துழாவி முடிப்பதற்குள்
குன்னூர் பஸ் போய்விடும்.

பிறகு சொந்தக் கணினி.
வார்ப்புரு, செருகுநிரல், வாரமொரு அப்டேட்.
வாசலுக்கே சாயம் பூசிப் பூசி
ஒரு வருடம். எழுதியது நான்கு.

இப்போது ஒற்றைக் கோப்பு, வெறும் எழுத்து.
வீட்டில் சிக்னல் கிடையாது.
தேயிலை மூட்டையோடு போகும் ஹாலனின் ஜீப்பில்
போனைக் கொடுத்தனுப்புகிறேன்;
கெத்தை சாலை ஏழாம் வளைவில்
அவன் கட்டைவிரல் 'வெளியிடு'வைத் தொடும்.

நேற்று போனை நீட்டியபடி சொன்னான்:
"மூணாவது வரி வேண்டாம்னு பட்டுச்சு.
அழிச்சுட்டுத்தான் அனுப்புனேன்."

ஒன்றும் பேசாமல் உள்ளே வந்தேன்.
திரையெல்லாம் பச்சிலைக் கறை.
துடைத்துவிட்டுப் படித்தேன்.
உறைபனிக்கு உப்பை உவமை சொன்ன வரி, அது.
இல்லாமலே குளிர்ந்தது.