ஒரு விரல் அகலச் சிவப்பு

ட்ரூரோவில் திங்கட்கிழமைகளில்
அருங்காட்சியகம் பூட்டியிருக்கும்.
மழை பிடித்துக்கொண்ட ஒரு திங்களில்
சர் பெரிகார்டைச் சுவரிலிருந்து இறக்கினோம்.
ஒரு முனை டென்சில், ஒரு முனை நான்.
"இத்தனை இரும்பு போட்டவனுக்கு எடையே இல்லையே" என்றான்.
நீரும் காகிதமும்தானே, என்றேன்.

கதை இதுதான்:
மூன்றாண்டு முகம் காட்டேன், வாய் திறவேன் என்று
எதற்காகவோ சத்தியம் செய்துவிட்ட வீரன்,
அவள் இன்னொருவனுக்கு வாக்குப்படும் முந்தின இரவு
கோபுரப் படியேறி வந்து நிற்கிறான்.
யார் என்கிறாள். பதில் இல்லை.
கவசத் துளைகளில் மூச்சு மட்டும்
புகைந்து புகைந்து வருகிறது.
அவள் தன் அங்கியின் வலக்கையைத்
தோளோடு கிழித்து நீட்டுகிறாள்,
போரில் அவன் தலையில் கட்டிக்கொள்ள.

ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தேழில்
ஜோசையா கர்னோ வரைந்தபோது
அந்தத் துணி சிவப்பு.
பூச்சிகளைக் காயவைத்து இடித்தெடுத்த சிவப்பு.
நூற்றைம்பது ஆண்டு வெளிச்சம்
அதை நக்கி நக்கித் தீர்த்துவிட்டது.
இப்போது ஆறிப்போன தேநீரின் நிறம்.
பள்ளிப் பிள்ளைகள் கேட்கிறார்கள்:
அந்தம்மா ஏன் அவனிடம்
பாத்திரம் துடைக்கிற துணியைக் கொடுக்கிறாள்?

மெழுகுவத்திச் சுடர் மட்டும் மங்கவில்லை.
மங்க அங்கே ஏதுமில்லை.
கர்னோ அந்த இடத்தில் தூரிகையே வைக்கவில்லை.
சுற்றிலும் இருட்டை நனைத்துக் கொண்டுவந்து நிறுத்தி
வெறுங்காகிதத்தை எரியவிட்டிருக்கிறான்.

ஆணிகளைப் பிடுங்கி
பின்பலகையைக் கழற்றி
செத்த அந்துப்பூச்சி ஒன்றை ஊதித் தள்ளி
ஓர அட்டையைத் தூக்கினேன்.

அடியில்
வெளிச்சமே படாமல்
ஒரு விரல் அகலம்.

காய் நறுக்கும்போது கத்தி பட்டு,
வலி வந்து சேருமுன்
ஒரு நொடி வெறுமனே பார்த்துக்கொண்டிருப்போமே,
அந்தச் சிவப்பு.

அதை ஒட்டிப் பென்சிலில்:
ஹெப்ஸிபா நான்ஸ். பதினோரு நாள், பதினோரு ஷில்லிங்.
கை நடுங்குகிறது. வலிக்கிறதா என்றேன். இல்லை என்றாள்.
கவசத்தை வெள்ளிக்குள் ஃபால்மத் நாடகக் கொட்டகைக்குத்
திருப்ப வேண்டும்.
உள்ளே முட்டுக் கொடுத்த விளக்குமாற்றை
வீட்டுக்காரிக்கு.

இரண்டுமுறை படித்தேன்.
அப்படியானால் உள்ளே ஆளில்லை.
முதுகெலும்பு ஒரு விளக்குமாறு.
அந்த மூச்சு கர்னோவின் கைவேலை.

பதினோரு நாள்
இந்தப் பெண்
(உப்பு மீன் அடுக்கியவளாக இருக்கலாம்,
கட்டைவிரல் தடித்திருக்கிறது, அவன் அதை மறைக்கவில்லை)
யாரைப் பார்த்தாள் இப்படி?

அளவுகோல் வைத்துப் பார்த்தேன்.
அவள் கண் தலைக்கவசத்தைத் தாண்டி
அரை அங்குலம் இடப்பக்கம் போகிறது.
அங்கே ஒரு ஜன்னல் இருந்திருக்கலாம்.
ஜன்னலுக்குக் கீழே ஒருவன்.
அல்லது
ஆறு அடிக்கப்போகும் கடிகாரம்.

புது அட்டையில் ஜன்னல் வெட்டும்போது
கத்தியை ஒரு விரல் தள்ளி வைத்தேன்.
வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தேன்.
வெளியே தேவாலயத்துக் கூரையிலிருந்து
தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.
பிறகு பழைய அளவுக்கே வெட்டினேன்.

பதிவேட்டில்: பதினெட்டு மில்லிமீட்டர்.

"உள்ளே ஏதாவது இருந்ததா?"
டென்சில் தன் முனையைத் தூக்கிக்கொண்டே கேட்டான்.

ஒரு அந்து, என்றேன்.
கொஞ்சம் பென்சில்.