கிளட்ச் வயர்

மழை விட்டு மூன்றாம் நாள்தான்
சுருக்குகள் கண்ணில் படும்.
மேலே தூவிய இலை அமுங்கிவிடும்,
கம்பி அமுங்காது.

கெரின்சி மலையின் மேற்குச் சரிவில்
நாங்கள் ஐந்து பேர்.
ஆறு நாளுக்கு அரிசி, கருவாடு,
ஈரம் குடித்த ஒரு வரைபடம்,
கம்பி நறுக்க ஒரு குறடு.

காட்டுக்குள் நுழைந்தபின்
புலியைப் புலி என்று சொல்வதில்லை.
பெரியவர் என்போம்.
'பெரியவர் நேற்று இவ்வழி போயிருக்கிறார்,
முன்னங்கால் பதினோரு சென்டிமீட்டர்'
என்று எழுதுவான் யுஸ்ரிசால்.
மரியாதையும் அளவும் ஒரே வரியில்.

விழுந்த மரத்தைத் தாண்டினால்
முதல் அடி எங்கே விழுமோ
அங்கேதான் வைப்பார்கள்.
பக்கத்தில் வளைத்துக் கட்டிய இளமரம்
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.
கண்ணிக்குக் கண் கிடையாது.
மான், பன்றி, தேன் எடுக்க வந்த ஆள்,
எல்லாம் அதற்குக் கால்.

இரண்டு வருடம் முன்பு
ஒருத்தியை ஒன்றரை நாள் தாமதமாகக் கண்டோம்.
கத்தவில்லை.
தன் பாதத்தைத் தானே கடித்துக்கொண்டிருந்தாள்,
அது வேறு யாருடையதோ போல.
மருத்துவர் வந்து சேர்வதற்குள்
சுற்றிலும் இருந்த மண்ணெல்லாம்
அவள் நகத்தால் உழப்பட்டிருந்தது,
விதைக்கலாம் போல.

இம்முறை நாலாம் நாள் முற்பகல்.
பதினேழாவது சுருக்கு.
குறடை வைத்தவன் நெருக்காமல் நின்றேன்.
கம்பியின் முனையில்
பச்சை டேப், மூன்று சுற்று.

அது நான் சுற்றியது.
சந்தைக்குப் போகிற ஏற்றத்தில்
இழை பிரிந்துகொண்டே வந்த
என் மோட்டார் சைக்கிளின் கிளட்ச் வயர்.
நோன்பு தொடங்குவதற்கு முன் மாற்றினேன்.
பழையதைக் கையில் சுருட்டியபடி
'வேலிக்கு ஆகும் மச்சான்' என்றான்
மனைவியின் தம்பி மர்வாசி.
வயர்தானே, எடுத்துக்கோ என்றேன்.

அவன் தோட்டம் கீழே, ஆற்றோரம்.
உருளைக்கிழங்கைப் பன்றி உழுதுவிட்டுப் போனது உண்மை.
லவங்கப்பட்டை விலை விழுந்ததும் உண்மை.
ஆனால் பன்றிக்கு
இந்த உயரத்தில் என்ன வேலை?
முதுகுமேட்டில் நடப்பவர்
ஒருவர்தான்.

'என்ன ஆச்சு?' என்றான் யுஸ்ரிசால்.
'கை வழுக்குது' என்றேன்.
நறுக்கினேன்.
இளமரம் விசையோடு நிமிர்ந்து
என் முகத்தில் தண்ணீர் தெளித்தது.

அலுவலகத்தில் படிவம்.
கண்டெடுத்தவை: பதினேழு.
ஒப்படைத்தவை: பதினாறு.
எண்ணிப் பார்த்த அதிகாரி
என்னைப் பார்த்தார்.
ஒன்று ஆற்றில் விழுந்துவிட்டது என்றேன்.
எழுதிக்கொண்டார்.
எங்கள் ஆறுகளில் நிறைய விழுந்திருக்கின்றன
இப்படி.

இரவு மர்வாசி சாப்பிட வந்தான்.
சட்டைப்பையிலிருந்து எடுத்து
உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.
பச்சை டேப் அவன் பக்கம்.
அவன் சோற்றைப் பிசைவது நின்றது.
பிறகு தொடர்ந்தது.
'இன்னும் எத்தனை?' என்றேன்.
என் மகளைப் பார்த்து, மீனைப் பார்த்து,
இடது கையை விரித்துக் காட்டினான்.
ஐந்து.

மனைவிக்கு ஒன்றும் விளங்கவில்லை,
அல்லது எல்லாம் விளங்கி
ரசம் ஊற்றுவதுபோல் குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தாள்,
தட்டு நிரம்பி வழிந்தது.

விடியுமுன் அவன்
வாசலில் நின்றிருந்தான்,
காலில் ரப்பர் பூட்ஸ்,
கையில் சொந்தக் குறடு.
பயந்தானா, வெட்கமா, கேட்கவில்லை.
பின்னால் ஏறி என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

இடது கையால் கிளட்சைப் பிடிக்கிறேன்.
புது வயர், நன்றாக இழுக்கிறது.
ஒவ்வொரு முறை அமுக்கும்போதும்
மேலே எங்கோ ஓர் இளமரம்
வளைகிறது.

ஐந்து என்றான்.
ஏற்றம் தொடங்குகிறது.
ஐந்துதானா என்று
நான் இன்னும் கேட்கவில்லை.