முப்பத்தேழாம் அளவு

வூச் நகரத்து நாடக அரங்கில்
மேடையின் விளிம்பில் ஒரு பொந்து.
இருபத்தொன்பது வருஷம் அதற்குள் உட்கார்ந்து
மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுத்தேன்.
அங்கிருந்து தெரிவது பெரும்பாலும் கால்கள்.

ஆகவே லூத்விகா சரெம்பாவை
எனக்குக் கணுக்காலுக்குக் கீழேதான் பழக்கம்.
விதவைக்குக் கறுப்பு நாடா கட்டியது.
வாடகை கேட்க வருபவளுக்குக் குதி தேய்ந்தது.
நீதிபதியின் தங்கைக்கு மட்டும்
ஒரு நம்பர் சின்னது, அவளே கேட்டு வாங்கியது.
"பணக்காரிகளுக்கு எங்கேயோ கடிக்கும்,
எங்கே என்று சொல்ல மாட்டார்கள்" என்றாளாம்.

சுவரொட்டியில் அவள் பெயர்
அச்சகத்தின் பெயருக்கு முந்தின வரி.

பஞ்சாலை உணவறையில் ஒருமுறை நடத்தினோம்.
முன்வரிசை முழுக்கத் தறிச் சத்தத்தில் காது போனவர்கள்.
மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள்.
அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.
புருஷன் திரும்பப் போவதில்லை என்று
கடைசி பெஞ்சுவரை தெரிந்துவிட்டது.

படங்களில் நாற்பது விநாடி.
டிக்கெட் கிழிப்பாள், சாட்சி சொல்வாள்,
கதவைச் சாத்திக்கொண்டு போவாள்.
கதாநாயகனை மறந்தவர்களுக்கும்
அந்தக் கதவு ஞாபகம் இருந்தது.

எண்பத்தொன்றாம் வருஷத்துக் குளிர். இறைச்சிக் கடை வரிசை.
எனக்கு முன்னால் அந்தக் காலணி.
ஒருத்தி திரும்பி, "நீ படத்தில் வரும் கசாப்புக்காரி இல்லை?
நீயாவது சொல், இன்றைக்குக் கிடைக்குமா?"
லூத்விகா இல்லாத ஏப்ரனில் கையைத் துடைத்தாள்.
"கொழுப்புதான் மிச்சம். நாளைக்கு வா."
நாலு பேர் நிஜமாகவே கலைந்து போனார்கள்.
நாங்கள் நாலு இடம் முன்னே நகர்ந்தோம்.

பிறகு அந்த இரவு.
மன்னன் வேஷத்தில் ஸெனோன் நடுப்பேச்சில் நின்றுவிட்டார்.
எனக்குக் கண்ணில் புரை வளர்ந்த வருஷம்;
பக்கம் இருக்கிறது, வரியைக் காணோம்.
அரங்கில் யாரோ இருமினார்.
பணிப்பெண்ணின் காலணி இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தது.
கரண்டி விழுகிற சத்தத்துக்குள் பொதிந்து
அவர் வரியை அவரிடம் கொடுத்தாள்.
வேலைக்காரியிடம் வீட்டுச் சாவி இருப்பதுபோல்
எல்லோருடைய வசனமும் அவளிடம் இருந்திருக்கிறது.
கைதட்டல் ஸெனோனுக்கு.
கரண்டியை எடுக்கக் குனிந்தவள்
பொந்துக்குள் பார்த்து, உதடசையாமல்,
"கண் டாக்டரைப் பாருங்கள்" என்றாள்.
மூக்கோரம் பவுடர் திட்டு. கோபமில்லை.
முகத்தை அன்றுதான் அருகில் கண்டேன்.

இப்போது அவளுக்கு எண்பத்தாறு.
வியாழன்தோறும் தொலைக்காட்சியில்
ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள்.
மூன்றாம் வாரம் சாக வேண்டியவள்;
ஜனங்கள் கடிதம் எழுதி எழுதி
இரண்டு வருஷமாகச் சாகவிடவில்லை.
திரை நிறைய முகம்.
அறுவை செய்த கண்ணால் ஒவ்வொரு சுருக்கமாகப் பார்க்கிறேன்.

போர்வைக்குக் கீழே மட்டும் காமிரா போவதில்லை.
நோயாளிதானே, வெறுங்கால் என்பீர்கள்.
இல்லை.
ஒரு நம்பர் சின்னதாக ஏதோ ஒன்று
அங்கே கடித்துக்கொண்டிருக்கும்.