கூடு இருபத்துமூன்று

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தவை, ஐந்து சோடி.
ஓமந்தை தாண்டியும் என் மடியில்தான் பெட்டி.
பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார்:
"கோழிக்குஞ்சோ பிள்ளை?"
ஓம் என்றேன்.

ஆய்வுகூடத்தில் இப்போது அறுபது வால்.
முப்பதுக்கு நெடுங்கேணிக் கிணற்றுத் தண்ணீர்,
முப்பதுக்கு வடிகட்டியது.
பன்னிரண்டாம் கிழமை
கிணறு குடித்தவற்றின் கிறியற்றினின் ஏற
கலாநிதி கனகேஸ்வரன் கைதட்டினார்:
"வருத்தம் பிடிச்சிட்டுது!
இனி மருந்தைப் பார்க்கலாம்."
நானும் தட்டினேன்.
கையுறைக்குள் சத்தம் எழவில்லை.

இருபத்துமூன்று மட்டும் மசியவில்லை.
அதே கிணறு, அதே தீன்,
ஆனால் உரோமம் மினுங்குகிறது.
கம்பியைப் பிடித்து எழுந்து நின்று
ஊசியோடு வரும் என்னை மணக்கிறது.
"அதைக் கணக்கிலயிருந்து எடுத்துவிடும்" என்கிறார்.
இரண்டு நாளாய் அந்த வரியில்
பேனையை வைத்தபடி இருக்கிறேன்.

வெள்ளி பின்னேரம் வீடு.
வரம்பில் எலிப்பாசாணம் வைத்துவிட்டு
அண்ணன் கைகழுவி, சவர்க்காரம் போட்டு
இன்னொருமுறை கழுவி,
வாளியை இறக்குகிறான்.
தன் பங்கை அண்ணாந்து குடித்துவிட்டு
எனக்கொரு செம்பு நீட்டுகிறான்.
"என்னடி பார்க்கிறாய்?"

ஒன்றுமில்லை.
வெயிலில் அவன் தலைமயிர்
மினுங்குகிறதா என்று.