லினன் சீருடை

மாகிமில் ஏறி பாந்த்ராவில் இறங்க
நான்கு நிமிடம்.
அதற்குள், காலையில் இஸ்திரி போட்ட அரைமணி நேரம்
எவளோ ஒருத்தியின் முழங்கையோடு போய்விடும்.
"பரவாயில்லை எஸ், லினன் கசங்கினால்தான் அழகு"
என்பார் டாக்டர் மேடம்.
எஸ்தர் என்ற என் பெயரை
முதல் நாளே சுருக்கியவர்.

சுருக்கம் எடுக்கும் கிளினிக் இது.
நெற்றிக்கு ஒரு விலை, கண்ணோரத்துக்கு ஒரு விலை,
சிரித்தே விழுந்ததற்குக் கொஞ்சம் கூடுதல்.
படிவத்தின் அடியில் ஒரு கேள்வி:
எதற்காக வந்தீர்கள், சுருக்கமாக.
பெரும்பாலோர் ஒரு கோடு கிழித்துத் தருகிறார்கள்.

ஆடி மழையில் ஊறிய ஒரு செவ்வாய்
சௌதாமினி அம்மா வந்தார்.
ஆறு வருடமாக ஒரே சீரியலில் மாமியார்.
என்னிடம் மட்டும் மாட்டுங்காத் தமிழ்.
கட்டியிருந்தது க்ரஷ்டு டிஷ்யூ.
முறுக்கி, கயிறு கட்டி, கசக்கியே விற்றதாம்,
பதினாலாயிரம்.
தொட்டுப் பார் என்றார்.
பிழிந்து வைத்து மறந்துபோன துணி மாதிரி இருந்தது.
நல்லாருக்கும்மா என்றேன்.

"நரை, திரை, மூப்பு... படித்திருப்பாயே?"
படித்தேன். தாராவி மாநகராட்சிப் பள்ளி, ஏழாம் வகுப்பு.
நரை தெரிந்தது.
திரைக்கு சினிமாத் திரை என்று எழுதி
அரை மார்க் வாங்கினேன்.

அவர் சிரித்தார். தொழில் பழக்கம், எண்ணிவிட்டேன்:
இடது கண்ணோரம் நான்கு, வலதில் மூன்று.
"பாவம், முழு மார்க் போட்டிருக்கலாம்.
திரையில் திரை தெரிகிறதென்றுதானே
நானே வந்திருக்கிறேன்."

டாக்டர் திரையை இழுத்தார்.
அதுவும் லினன், அதுவும் கசங்கல்.
உள்ளே ஒரு சின்ன சுருக்.
வெளியே, கார்ட்டர் ரோட்டின் முடிவில்,
கடல் திரைமேல் திரை போட்டபடி கிடந்தது.
அதைப் பார்க்கப் பணம் கொடுத்து
பால்கனி வாங்கியிருக்கிறார்கள்.

இரண்டு வாரம் கழித்து வந்தார்.
நான் ஏதோ சொன்னதற்குச் சிரித்தார், அதாவது
சத்தம் வந்தது.
இடது ஒன்றுமில்லை, வலது ஒன்றுமில்லை.
மருமகளை முறைக்கச் சொல்லி
பத்து டேக் எடுத்தார்களாம். புருவம் அசையவில்லையாம்.
"கதையையே மாற்றிவிட்டார்கள் எஸ்தர்,
மாமியார் திருந்திவிட்டாள்."
என் பெயரை முழுதாகச் சொன்னார்.

இரவு பாத்திரம் கழுவி, சீருடையை அலசிப் போட்டு
ஃபோனில் கட்டைவிரலை வைக்கிறேன்.
மீண்டும் முயலவும்.
தண்ணீரில் ஊறிய விரல்.
திரையைத் திரைக்கு அடையாளம் தெரியவில்லை.
நாலு எண் போட்டாலும் திறக்கும்,
கப்பலுக்குப் போகுமுன் ஜெபராஜ் வைத்த எண்.
போட மனமில்லை.
உள்ளே அவன் பதில் வந்திருக்கும்.
நான் எவ்வளவு நீளமாக எழுதினாலும்
'ம்' என்று வரும்.
பதினெட்டு வருடம், ஒரு புள்ளி வைத்த எழுத்தில்.

விரல் காயட்டும்.
கொடியில் சீருடை சொட்டுகிறது.
நாளைக்கும் இஸ்திரி போடுவேன்,
மாகிம் வரைக்குமாவது.