ஏழாவது கேள்வி

டிப்ளோமா வாங்கி ஆறு மாதம் ஆனதும்
ஒவ்வொருவரையும் அழைத்துக் கேட்க வேண்டும்.
மேலிடத்து உத்தரவு.
பிறையில், கல்லூரியின் இரண்டாம் மாடியில்,
ஒழுகும் ஏர்கோனுக்குக் கீழே வாளி வைத்துவிட்டு
நாற்பத்தொரு பெயரோடு உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் ஆறு கேள்வி மூச்சுவிடாமல் ஓடிவிடும்.
ஏழாவதில்தான் இடறும்:
படித்த துறையிலேயே வேலையா?
ஆம். இல்லை.
இரண்டு கட்டம், நடுவே ஒரு மயிரிழைக் கோடு.

முகிலரசன் சிக்னலில் நின்றபடி எடுத்தான்.
"மின்னியல் படிச்சேன் டீச்சர்,
இப்ப மோட்டார்ல சாப்பாடு ஏத்துறேன்.
மோட்டார்லயும் கரண்டு ஓடுதுதானே,
ஆம்னு போட்டுக்குங்க."
பின்னால் லாரி ஹாரன். சிரிப்பு பாதியில் அறுந்தது.
இல்லை என்று போட்டேன்.

தனேஸ்வரி,
முடியின் பாதிக் கனம் பிசகாமல் இரும்பு கடைந்தவள்,
ஜூருவில் மெத்தைக் கடையில் இருக்கிறாள்.
"இங்கயும் அளவுதான் எடுக்குறேன். ஆறுக்கு ஆறரை அடி."

ஹஃபிசுல் சிங்கப்பூரில்.
அதே வேலை, மூன்று மடங்கு சம்பளம்.
ஆம்தான்.
அடுத்த வீட்டு உண்டியலில் விழுந்த ஆம்.

போன மாதம் ஆலோசனைக் கூட்டத்துக்குப்
பாயான் லெப்பாஸிலிருந்து திருமதி தியோ வந்திருந்தார்.
கறிபாப்பைத் தொடவில்லை.
"உங்கள் பிள்ளைகள் எங்கள் இயந்திரத்தைப்
பார்த்ததே இல்லை" என்றார்.
பட்டறைக்கு அழைத்துப் போனேன்.
அங்கே நிற்பதன் விலாவில் அவர்கள் ஆலையின் முத்திரை.
பழசு என்று கழித்து, ரிப்பன் கட்டி, படம் எடுத்து
எங்களுக்குத் தந்தது.
முத்திரையை ஒரு விரலால் தடவினார்.
பிறகு கார் நிறுத்த இடமில்லாததைப் பற்றிப் பேசினோம்.

பாடத்திட்டத்தை மாற்றக் கேட்டு மனுப் போட்டு
இது மூன்றாவது வருடம்.
சம்பந்தம் பேசி முடிவதற்குள்
மாப்பிள்ளைக்குத் தலை நரைத்துவிடும் போல.

இருபத்தொன்பதாவது பெயர் ஹேமலோஷினி.
கிசுகிசுத்தாள்.
இரவு சிப்ட் முடிந்து ஆலைப் பேருந்தில் வருகிறாள்;
பக்கத்து நேபாளப் பெண் இவள் தோளில் தூங்குகிறாளாம்.
"ஆம்தான் டீச்சர்.
ஆனா நீங்க சொல்லித் தந்தது எதுவும் அங்க இல்ல."
கொஞ்ச நேரம் பாலத்துக் காற்று மட்டும் கேட்டது.
"நாலாயிரத்து எழுபத்தொண்ணுன்னு ஒரு அலாரம் வரும்.
நிறுத்திட்டு ஆளக் கூப்பிடுன்னு புத்தகத்துல இருக்கு.
அது அடிக்கிறதுக்கு முன்னாடியே
தங்கக் கம்பி தைக்கிற சத்தம் மாறிடும்.
எனக்குக் கேட்டுடும்.
உள்ள போனும் கூடாது, சொந்தப் பேனாவும் கூடாது.
மனசுலயே வச்சிருந்து பஸ்ஸுல எழுதுவேன்.
எண்பது பக்கம் வந்திருச்சு."

அனுப்புவாயா என்று கேட்டேன்.
"வெளிய சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க."
யோசித்தாள்.
"ஆனா சத்தம் அவங்களோடது இல்லையே."
தூங்குகிறவளை எழுப்பாமல்
நாக்கை மேலண்ணத்தில் வைத்துச் செய்து காட்டினாள்:
ட்ரி ட்ரி ட்ரி ட்ரி,
அப்புறம் சற்றே கனத்து,
த்ரு.

ஆம் என்று போட்டேன்.
கீழே குறிப்புக்கு ஒரு வரி இடம் உண்டு.
அந்தச் சத்தத்தை எழுதிப் பார்த்தேன்.
மலாயில் வரவில்லை.
தமிழில் கிட்டே வந்து நின்றது.

வாளி நிரம்பியிருந்தது.
கொட்டிவிட்டு வந்து
முப்பதாவது எண்ணை அழுத்தினேன்.
மணி அடிக்கிறது.
த்ரு என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே
காதில் வைத்திருக்கிறேன்.