மயில்துத்தம் கலந்த பசை

பாலாற்றிலேயே இல்லாத ஈரம்
என் பீரோவுக்குப் பின்னால் எப்படி வந்தது?
நான்கு நாளைக்கொருமுறை வரும் கார்ப்பரேஷன் தண்ணீரைப்
பிடித்து வைத்த நீல டிரம்மைத்தான் காட்ட வேண்டும்.
அதன் மூடி சரியில்லை.
கைவைத்தால் சுவர் சில்லென்றிருக்கும்.
வேலூர் சித்திரையில் அது ஒரு சுகமென்று
மூன்று வருடம் முதுகு சாய்த்திருந்தேன்.

அதே சுகம்
அதற்கும்.

இரவு ஷிப்ட் முடிந்து வந்து விளக்கைப் போட்டேன்.
சுரண்டிப் போட்ட மீன் செதிலுக்குக் கால் முளைத்ததுபோல்
ஒரு வெள்ளி நெளிவு
பீரோ அடியில் போய் அணைந்தது.
"ராமபாணம் அது.
காயிதப்பட்டறையில குடியிருந்துக்குனு
காயிதம் தின்ற பூச்சிக்கு பயந்தா ஆவுமா?"
என்றாள் கீழ்வீட்டு நவமணி.

பாணம் என்றால் நேராகப் போயிருக்கும்.
இது மேய்ந்திருந்தது.
சீட்டு நோட்டில் ஒன்பதாம் பக்கம் தொடங்கிப்
பதினாலு வரைக்கும்,
ஆடி மாதம் முழுசும், ஆவணியில் பாதியும்,
கார்த்திகையில் தொகை எழுதிய பத்தியை மட்டும்.
பெயர்கள் இருந்தன.
ஷூ கம்பெனியில் என்னோடு தைக்கிற இருபது பேர்,
மாதம் ஐந்நூறு.
துண்டுச் சீட்டுகளை மைதாப் பசை காய்ச்சி
ஓரத்தில் ஒட்டியது நான்தான்.
இலை போட்டுப் பரிமாறியதும் நான்தான்
என்று ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமை
டிரம்மைக் குளியலறைக்கு உருட்டினேன்.
பீரோவைச் சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளினேன்.
வெடிப்பில் வெள்ளைச் சிமெண்டை விரலால் அடைத்தேன்.
மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி,
ஃபேன் வந்த அட்டைப்பெட்டி,
எதற்காவது ஆகும் என்று வைத்திருந்த
ஒன்றுமில்லாத அட்டைப்பெட்டி,
எல்லாம் பழைய பேப்பர்காரருக்கு.
கஞ்சி போட்ட புடவைகளை உதறினேன்.
மடிப்புக்கு மடிப்பு வசம்பு.
ஷூவுக்குள் போடுகிற குருணைப் பொட்டலம்,
'தின்னாதே' என்று மூன்று பாஷையில் அச்சடித்தது,
கம்பெனிக் குப்பையிலிருந்து ஒரு கைப்பிடி.
பூச்சிக்கு எந்தப் பாஷை தெரியுமோ.

மொட்டைமாடியில்
பதினொன்றிலிருந்து மூன்று வரை நோட்டு காய்ந்தது,
பக்கத்துக்கு ஒரு கல் வைத்து.
இந்த ஊரை வெயிலூர் என்று கேலி செய்கிறவர்கள்
ஒருநாள் பீரோவைத் திறந்து பார்க்கட்டும்.

லாங்கு பஜார் மருந்துக்கடையில்
மயில்துத்தம் கேட்டேன்.
"பசைக்கா? சிட்டிகை போதும்.
கையை நக்கிடாதேம்மா."
கொதிக்கும் மைதாவில் விழுந்து
நீலம் பூத்தது.

சம்பள நாளில், கிரீன் சர்க்கிளில் கம்பெனி பஸ்ஸுக்கு
நிற்கும்போது ஒவ்வொருத்தியாகக் கேட்டேன்:
உன் பாக்கி எவ்வளவு?
"நோட்டுல இன்னா போட்டுக்கீது?" என்றார்கள் பலர்.
நீயே சொல்லு, என்றேன்.
எஸ்தர் ராணி மூன்று மாதம் என்றாள்.
எனக்கு நாலு என்று ஞாபகம்.
தில்ஷாத் விரல்விட்டு எண்ணி
நான் நினைத்ததைவிட ஒன்று கூடச் சொன்னாள்.
வாதாடவில்லை.
சொன்னதை எழுதிக்கொண்டேன்.

பத்தொன்பது வரி எழுதியாகிவிட்டது.
இருபதாவது என்னுடையது.

பையனின் ஸ்கூல் ஃபீஸுக்கு
நானே எடுத்துக்கொண்ட இரண்டு மாதப் பணம்.
அது யாருக்கும் தெரியாது,
நோட்டுக்கு மட்டும் தெரியும்.
அந்த வரியை அது எவ்வளவு சுத்தமாகத் தின்றிருந்தது!
பக்கத்து வரிகளில் கால், அரை எழுத்தாவது மிச்சம்.
என் வரியில்
ஜன்னல் திறந்ததுபோல் ஓட்டை,
அதன் வழியே அடுத்த மாதம் தெரிந்தது.

நீலப் பசை உலரும்வரை உட்கார்ந்திருந்தேன்.
பிறகு எழுதினேன்,
இரண்டு மாதம் பாக்கி என்று.
பென்சிலில்.

"பூச்சி ஒழிஞ்சிதா?" என்றாள் நவமணி,
படிக்கட்டில்.
ஒரு வாரமாகக் கண்ணில் படவில்லை, என்றேன்.
ஆனால் தின்னாமலே ஒரு வருஷம்கூடக்
காத்திருக்குமாம்.